வாரைச் சுண்ட முடியாதவரின் நாய்

உதவி நாய்ப் பயிற்சியில் பழக்குபவர் ஒருவர், அந்த நாயோடு வாழப்போகிறவர் வேறொருவர். மற்ற நாய்ப் பயிற்சிகளிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது இந்த ஒன்றுதான். மோப்ப நாய் பயிற்சி பெறும்போதே அதன் கையாளுநரும் உடனிருந்து பழகிக்கொள்கிறார். வேட்டைக்காரர் தன் நாயைத் தானே பழக்கிக்கொள்கிறார். ஆனால் பார்வையற்றவருக்கு வழிகாட்டவோ, சக்கர நாற்காலியில் இருப்பவருக்குக் கீழே விழுந்த சாவியை எடுத்துக் கொடுக்கவோ, காது கேளாதவரிடம் வாசல் மணி அடிப்பதைத் தெரிவிக்கவோ பழக்கப்படும் நாயின் கதை வேறு. குட்டிப் பருவத்தில் ஒரு வீடு, பிறகு பயிற்சி மையம் என்று இரண்டு மூன்று கைகளைக் கடந்து, கடைசியில் முன்பின் தெரியாத ஒருவரிடம் அது போய்ச் சேருகிறது. பயிற்றுநரின் தோள்வலிமையும் அதட்டும் குரலும் கூடப் போவதில்லை.

பயிற்றுநருக்கு மட்டும் அடங்கும் நாயால் அந்தப் புதிய வீட்டில் ஒரு பயனும் இல்லை. கடந்த அரை நூற்றாண்டில் இந்தத் தொழில் தண்டனையை விட்டு வெகுமதியின் பக்கம் நகர்ந்ததற்கு விலங்குகள்மீதான இரக்கம் ஒரு காரணம். உளவியல் ஆய்வுகள் இன்னொரு காரணம். இரண்டையும்விட வலுவான காரணம் இந்தக் கைமாற்றம் என்றே நான் கருதுகிறேன். நாயைப் பெற்றுக்கொள்பவரால் தொடர்ந்து செய்ய முடியாத ஒன்றைக்கொண்டு நாயைப் பழக்கினால், அந்தப் பழக்கம் சில மாதங்களில் கரைந்துபோகும்.

வழிகாட்டி நாய்களுக்கான முறையான பள்ளி முதல் உலகப் போரின் நடுவில் தோன்றியது. போர்முனையில் பார்வை இழந்து திரும்பிய ஜெர்மன் வீரர்களுக்காக 1916-இல் ஓல்டன்பர்க் நகரில் கெர்ஹார்ட் ஸ்டாலிங் என்ற மருத்துவர் அதைத் தொடங்கினார். 1920-களில் பாட்ஸ்டாமில் இன்னொரு பள்ளி வந்தது. சுவிட்சர்லாந்தில் ஜெர்மன் ஷெப்பர்ட் நாய்களை வளர்த்துவந்த டோரதி ஹாரிசன் யூஸ்டிஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி பாட்ஸ்டாம் பள்ளியைப் பார்த்துவிட்டு, 1927 நவம்பரில் ‘சாட்டர்டே ஈவ்னிங் போஸ்ட்’ இதழில் அதைப் பற்றி எழுதினார். நாஷ்வில் நகரில் மோரிஸ் ஃபிராங்க் என்ற பார்வையற்ற இளைஞருக்கு அவருடைய தந்தை அந்தக் கட்டுரையைப் படித்துக் காட்டினார். ஃபிராங்க் யூஸ்டிஸுக்குக் கடிதம் எழுதினார். சுவிட்சர்லாந்துக்குப் போய்ப் பயிற்சி பெற்று, 1928-இல் பட்டி என்ற பெண் நாயோடு அமெரிக்கா திரும்பினார். நியூயார்க்கில் செய்தியாளர்கள் பார்த்துக்கொண்டிருக்க, வண்டிகள் நெரிசலாக ஓடிய வெஸ்ட் தெருவை அந்த நாயை மட்டும் நம்பிக் கடந்தார். 1929-இல் ‘தி சீயிங் ஐ’ பள்ளி பிறந்தது. இங்கிலாந்தின் வாலஸியில் முதல் நான்கு பார்வையற்றவர்கள் 1931-இல் நாய்களோடு பயிற்சி முடித்தார்கள்.

அந்தக் காலத்து நாய்ப் பயிற்சி பெரும்பாலும் காவல், ராணுவப் பட்டறைகளிலிருந்து வந்தது. ஜெர்மனியின் கான்ராட் மோஸ்ட் 1910-இல் வெளியிட்ட பயிற்சி நூல் பல பத்தாண்டுகள் செல்வாக்கோடு இருந்தது. கட்டாயம்தான் அதன் முதுகெலும்பு. நாய் தவறினால் கழுத்தை இறுக்கும் சங்கிலியை வாரால் ஒரு சுண்டு சுண்டுவது, சரியாகச் செய்தால் தட்டிக்கொடுத்துப் பாராட்டுவது. வழிகாட்டி நாய்ப் பள்ளிகள் இதை மென்மையாக்கின என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே வேலை செய்தவர்கள் கொடியவர்கள் அல்லர். பாராட்டுக்கு அவர்கள் பெரிய இடம் கொடுத்தார்கள். ஆயினும் ஒன்றில் உறுதியாக இருந்தார்கள்: தீனி கூடாது. உணவகத்திலும் சந்தையிலும் நடக்கப்போகிற நாய்க்குத் தீனியைக் காட்டிப் பழக்கினால், அது தரையில் கிடக்கிற ரொட்டித் துண்டின் பின்னால் பார்வையற்றவரை இழுத்துக்கொண்டு போகும் என்று பயந்தார்கள். நியாயமான பயம். அது தீர ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் பிடித்தன.

இதற்கிடையில், நாய்களோடு சம்பந்தமே இல்லாத ஓரிடத்தில் மாற்றுவழி உருவாகிக்கொண்டிருந்தது. தார்ன்டைக்கின் பூனையையும் ஸ்கின்னரின் பெட்டியையும் நம் ஊர் பி.எட். மாணவர் எல்லாரும் தேர்வுக்காகப் படித்திருப்பார்கள். தார்ன்டைக் 1898-இல் புதிர்ப் பெட்டிக்குள் பூனைகளை அடைத்துப் பார்த்து, இன்பமான விளைவைத் தந்த செயல் மீண்டும் நிகழும் என்று காட்டினார். ஸ்கின்னர் அதை அளந்து, வகுத்து, 1938-இல் நூலாக்கினார். பாடப்புத்தகம் இந்த இடத்தோடு நின்றுவிடுகிறது. ஆனால் ஸ்கின்னரிடம் படித்த கெல்லர் பிரெலண்ட், மரியன் பிரெலண்ட் தம்பதி ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வந்து 1943-இல் ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். கோழி, பன்றி, முயல் என்று கையில் கிடைத்த விலங்குகளையெல்லாம் வலியின்றிப் பழக்கிக் காட்டினார்கள். தூரத்திலிருக்கும் விலங்குக்கு ‘நீ இப்போது செய்ததுதான் சரி’ என்று நொடிக்குள் சொல்ல ஓர் ஒலி வேண்டும் என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள். பிள்ளைகள் விளையாடும் தகர டப்பியின் ‘டிக்’ ஒலி அதற்குப் போதுமானதாக இருந்தது. இன்று கிளிக்கர் என்று பயிற்றுநர்கள் கையில் வைத்திருப்பது அதன் வாரிசு. 1951-இல் ஸ்கின்னரே ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் விலங்குகளைப் பழக்குவது எப்படி என்று பொதுமக்களுக்காக எழுதினார். நாய்ப் பயிற்சி உலகம் பெரிதாக அசைந்துகொடுக்கவில்லை. வாரும் சங்கிலியும் கையில் இருக்கும்வரை யாருக்கும் அவசரம் இல்லை.

டால்பினுக்குக் கழுத்துச் சங்கிலி போட முடியாது. பிடிக்காவிட்டால் அது நீந்திப் போய்விடும். 1963-இல் ஹவாயில் ஒரு கடல்வாழ் உயிரிக் காட்சியகத்தில் டால்பின்களைப் பழக்கும் பொறுப்பை ஏற்ற கேரன் பிரையருக்கு வெகுமதியைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. விசில் ஒலியும் மீனுமாக அவர் கற்றுக்கொண்டதை 1984-இல் புத்தகமாக எழுதினார். நாய் வளர்ப்பவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். கட்டாயப்படுத்தும் கருவி கையை விட்டுப் போகும்போதுதான் மனிதர்கள் வெகுமதியைத் தீவிரமாகக் கற்கிறார்கள் என்பதற்கு இது ஒரு சான்று.

இன்னொரு சான்று கலிபோர்னியாவில் கிடைத்தது. 1975-இல் பானி பெர்கின் அங்கே ‘கெனைன் கம்பேனியன்ஸ்’ அமைப்பைத் தொடங்கினார். பார்வையற்றோருக்கு மட்டுமே நாய் என்று இருந்த காலத்தில், கைகால்களை அசைக்க இயலாதவர்களுக்கும் நாய் உதவ முடியும் என்று அவர் நம்பினார். வல்லுநர்களின் எதிர்ப்பை நினைத்துப் பாருங்கள். பார்வையற்றவர் நல்ல உடல் வலிமையோடு இருக்கலாம். தேவைப்பட்டால் வாரைச் சுண்டலாம். விரல்களை மடக்கவே முடியாத ஒருவர் முப்பது கிலோ லேப்ரடாரை எப்படி அடக்குவார்? அந்தக் கேள்வியிலேயே பிழை இருந்தது. அடக்க வேண்டிய தேவையே எழாத ஒரு நாயைத் தர வேண்டும். அப்துல் என்று பெயரிடப்பட்ட முதல் நாய் அப்படித்தான் சக்கர நாற்காலியில் வாழ்ந்த ஓர் இளம்பெண்ணிடம் போய்ச் சேர்ந்தது.

நாய் எப்படி ஒரு விளக்கைப் போடக் கற்றுக்கொள்கிறது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் இந்த முறையின் உள்ளமைப்பு விளங்கும். பயிற்றுநர் உள்ளங்கையில் ஒரு மஞ்சள் ஒட்டுத்தாளை வைத்து நாயின் முன் நீட்டுகிறார். எதுவும் சொல்வதில்லை. நாய் மோந்து பார்க்கிறது. மூக்கு தாளில் படும் அந்தக் கணத்தில் ‘கிளிக்’. உடனே கடலைப் பருப்பு அளவில் ஒரு துண்டுத் தீனி. சில தடவைகளில் நாய் வேண்டுமென்றே தாளை முட்டத் தொடங்கும். இப்போது தாள் சுவருக்குப் போகிறது, முதலில் நாயின் மூக்கு உயரத்தில், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மேலே. நாய் முன்னங்கால்களைச் சுவரில் ஊன்றி எழும்பும். அதனால் எலும்புகள் முழு வளர்ச்சி அடையும்வரை பொறுப்புள்ள பயிற்றுநர் இந்தப் பாடத்தைத் தொடுவதில்லை. அடுத்து வருவது சூட்சுமமான கட்டம். லேசாகத் தொட்டால் கிளிக் வராது. அழுத்தி முட்டினால் மட்டுமே வரும். வழக்கமாகக் கிடைத்தது கிடைக்காமல் போனதும் நாய் ஒரு கணம் குழம்பி, முன்னைவிடப் பலமாக ஒரு தடவை முட்டும். பயிற்றுநர் காத்திருந்தது அந்த முட்டலுக்குத்தான். தாளை மின்விசைமேல் ஒட்டி, தடவைக்குத் தடவை கத்தரித்துச் சிறிதாக்கி, இறுதியில் எடுத்துவிடுகிறார். ‘விளக்கு’ என்ற சொல்லே கடைசியாகத்தான் வருகிறது. செயல் உறுதியான பிறகே அதற்குப் பெயர் வைக்கிறார்கள். செய்யத் தெரியாத ஒன்றின் பெயரை நாயிடம் கத்திக்கொண்டிருப்பதால் பயன் இல்லை.

பாடம் இத்துடன் முடிவதில்லை. பயிற்றுநர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறார். அறையின் மறு கோடியிலிருந்து, நலிந்த குரலில், கையை அசைக்காமல் கேட்கிறார். பயனாளியின் பேச்சு குழறும் என்று தெரிந்தால் அவரைப் போலவே குழறிச் சொல்லிப் பார்க்கிறார். வேறு வீடு, வேறு விசை, தொலைக்காட்சி ஓடும் கூடம் என்று இடம் மாற்றி மாற்றி அதே பாடம். தன் உடலும் தன் குரலும் பாடத்தில் ஒரு பகுதியாக நின்றுவிடாதபடி படிப்படியாகத் தன்னை அதிலிருந்து அகற்றிக்கொள்கிறார். இந்தத் தொழிலில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

சாவியை எடுத்துத் தருவதில் பழைய முறைக்கும் புதிய முறைக்கும் உள்ள வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரியும். பெரும்பாலான நாய்களுக்கு உலோகம் வாயில் படுவது பிடிக்காது. வேட்டை நாய்ப் பழக்கத்தில் நெடுங்காலமாக ஒரு வழி உண்டு. காதைக் கிள்ளி வலியெடுக்கச் செய்வார்கள். நாய் வாயைத் திறந்ததும் பொருளை உள்ளே வைத்து, வாய் மூடிய கணம் கிள்ளலை விடுவார்கள். பொருளைக் கவ்வினால் வலி நிற்கும் என்று நாய் கற்றுக்கொள்கிறது. இது பலிக்கிறது என்பதை மறுப்பது நேர்மையாகாது. அப்படிப் பழகிய நாய் ஆயிரம் தடவை பறவையைக் கொண்டுவந்து போடும். ஆனால் ஒரு நாள், பயனாளியின் வீட்டில், அது சாவியைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே காதைக் கிள்ளப்போவது யார்? அவரால் விரலை அசைக்க முடியும் என்றால் சாவியை அவரே எடுத்துக்கொண்டிருப்பாரே. வலியின் தேய்மானத்தைச் சரிசெய்ய மீண்டும் வலிதான் வேண்டும். அதைத் தருவதற்குரிய கை அந்த வீட்டில் இல்லை.

வெகுமதி முறையில் சாவி முதலில் துணி சுற்றிய ஒரு வளையத்தில் தொங்குகிறது. நாய் அதைப் பார்த்தால் கிளிக். மோந்தால், நக்கினால், பல் பட்டால், ஒரு நொடி கவ்வினால் என்று படி உயர்கிறது. துணி மெல்லியதாகி ஒரு நாள் காணாமல் போகிறது. கொடுக்கும் விதமும் தனிப் பாடம்: கை நீட்ட முடியாதவர் என்றால் மடியில் வைக்க வேண்டும், பாதிக் கை தூக்க முடிந்தவர் என்றால் விரல் தொடும்வரை வாயிலிருந்து விடக்கூடாது. நாய் தயங்கினால் பயனாளி செய்ய வேண்டியதெல்லாம் இரண்டு படி கீழே இறங்கி எளிதான ஒன்றைக் கேட்டுப் பரிசு கொடுப்பதுதான். கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாதவர்கூடக் குரலாலும், நாற்காலியில் பொருத்திய தீனிக் கிண்ணத்தாலும் இதைச் செய்துவிடலாம்.

வழிகாட்டி நாய்ப் பள்ளிகள் மாற இன்னும் தாமதமாயிற்று. அவற்றின் தயக்கம் உயிர்ப் பயம் சம்பந்தப்பட்டது. சாவி விழுந்தால் மறுபடி எடுக்கலாம். லாரியின் முன் கால் வைத்தால் மறுவாய்ப்பு இல்லை. 1942-இல் கலிபோர்னியாவில் தொடங்கிய ‘கைடு டாக்ஸ் ஃபார் தி பிளைண்ட்’ பள்ளியில் 1970-களிலிருந்து பணியாற்றிய மிஷெல் பூலியோ, 2000-களில் அங்கே கிளிக்கரையும் தீனியையும் கொண்டுவருவதில் முன்னின்றார். பழைய பயத்துக்கு அவர்கள் கண்ட விடை தீனியை ஒழிப்பது அல்ல. தீனி எங்கிருந்து வரலாம் என்பதை நாய்க்குத் தெளிவாக்குவது. கையாளுபவரின் பையிலிருந்து, அவர் கை வழியே, ஒரு குறிப்பிட்ட ஒலிக்குப் பிறகு மட்டுமே உணவு வரும். தரையில் கிடப்பதும் அந்நியர் நீட்டுவதும் உணவே அல்ல. இந்த ஒழுங்கைப் பாடத்தின் முதல் வாரங்களிலேயே நாய்க்குப் புரியவைக்கலாம் என்று தெரிந்தபோது, பல பத்தாண்டுத் தடை தளர்ந்தது.

நடைபாதை விளிம்பில் நிற்பதை எடுத்துக்கொள்வோம். பரிசு எந்த இடத்தில் கிடைக்கிறதோ அந்த இடம் நாய்க்கு மதிப்புள்ளதாகிவிடும். விளிம்புக்கு ஓரடி முன்னதாகவே நின்றுவிடும் நாயும், தாண்டி நிற்கும் நாயும் பார்வையற்றவருக்கு ஆபத்து. அதனால் சரியான கோட்டில் நாயின் முன்பாதங்கள் இருக்கும்போது, அதன் மூக்குக்கு நேரே, அங்கேயே தீனி கொடுக்கப்படுகிறது. பின்னாளில் பார்வையற்ற பயனாளி தன் காலால் விளிம்பைத் தடவி உறுதிசெய்துகொண்டு அதே இடத்தில் பரிசு தருகிறார். தலைக்கு மேலே தாழ்ந்து தொங்கும் கிளை இன்னும் கடினம். நாய் அதன் அடியில் தாராளமாகப் போய்விட முடியும். தன்னைவிட மிக உயரமான ஓர் உடலுக்காக அது யோசிக்க வேண்டும். கிளை இடித்தால் பயிற்றுநர் நின்று, கிளையைக் கையால் தட்டிக் காட்டி, சில அடிகள் பின்னால் வந்து மறுபடி நடக்கிறார். நாய் சுற்றிப் போக ஒரு வழியைத் தேடினால், அந்தத் தேடலுக்கே பரிசு.

வழிகாட்டி நாயின் வேலையில் உச்சம் கீழ்ப்படியாமைதான். ‘முன்னே போ’ என்று பார்வையற்றவர் சொல்கிறார். ஓசையில்லாத மின்சாரக் கார் ஒன்று திரும்பி வருகிறது. நாய் சொல்லை மறுத்து நிற்க வேண்டும், தேவையானால் அவரைப் பின்னால் தள்ள வேண்டும். இதைப் பழக்க, உடன் பணியாற்றும் ஒருவர் ஓட்டும் கார் வேண்டுமென்றே குறுக்கே வருகிறது. நாய் மறுத்த ஒவ்வொரு தடவையும் உயர்ந்த பரிசு கிடைக்கிறது. தவறு செய்தால் தண்டிக்கப்பட்டே வளர்ந்த நாய் எதையும் தானாகச் செய்யாதிருப்பதுதான் பத்திரம் என்று கற்றுக்கொள்ளும். எஜமானின் சொல்லை எதிர்க்கும் துணிவை அதனிடம் எப்படி எதிர்பார்ப்பது? பழைய பள்ளிகளும் அறிவுள்ள கீழ்ப்படியாமையைப் பழக்கிக் காட்டின என்பது உண்மை. வலுவான மனமுள்ள நாய்கள் அதைத் தாங்கின. மென்மையான நாய்கள் பாதியில் உதிர்ந்தன. உதிர்ந்தவற்றின் குறை என்று அன்று எண்ணப்பட்டதில் எவ்வளவு முறையின் குறை என்ற கேள்வி எனக்கு இன்றும் இருக்கிறது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? 2004-இல் பிரிட்டனில் 364 நாய் வளர்ப்பவர்களிடம் நடத்திய கணிப்பில், வெகுமதியால் பழக்கியவர்கள் தங்கள் நாய் கூடுதலாகச் சொல் கேட்பதாகத் தெரிவித்தார்கள். தண்டனையைப் பயன்படுத்திய வீடுகளில் நடத்தைச் சிக்கல்கள் அதிகமாக இருந்தன. 2020-இல் போர்ச்சுகலின் போர்ட்டோ பகுதியில், வெவ்வேறு முறைகளைக் கையாளும் பயிற்சிப் பள்ளிகளிலிருந்து 92 நாய்களை ஆராய்ந்தார்கள். வலியும் அச்சமும் தரும் முறைகளை அதிகம் கையாண்ட பள்ளிகளின் நாய்களிடம் பயிற்சியின்போது உதடு நக்குதல், உடல் கூனுதல் போன்ற அழுத்தக் குறிகள் மிகுதி. பயிற்சிக்குப் பின் உமிழ்நீரில் கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் உயர்ந்திருந்தது. அந்த ஆய்வின் கிண்ணச் சோதனை எனக்குப் பிடித்தது. அறையின் ஒரு பக்கம் வைக்கப்படும் கிண்ணத்தில் எப்போதும் இறைச்சி இருக்கும், மறு பக்கக் கிண்ணத்தில் இருக்காது. நாய் இதைக் கற்றபின், கிண்ணத்தை நடுவில் வைக்கிறார்கள். ஏதாவது இருக்கும் என்று விரைந்து ஓடுகிறதா, எதுவும் இருக்காது என்று மெதுவாக நடக்கிறதா? கடுமையான பள்ளிகளின் நாய்கள் மெதுவாக நடந்தன. பயிற்சிக் களத்தை விட்டு வந்த பிறகும் அவை உலகத்திடம் குறைவாகவே எதிர்பார்த்தன.

இவை வீட்டு நாய்கள். உதவி நாய்களையே நேராகப் பார்த்த ஆய்வு ஒன்று 2019-இல் வந்தது. போருக்குப் பிந்தைய மன அதிர்ச்சியால் அவதியுறும் 111 அமெரிக்க முன்னாள் படைவீரர்களிடம், தங்கள் உதவி நாயோடு எந்த முறைகளைக் கையாளுகிறார்கள் என்று கேட்டார்கள். தண்டனையை அதிகம் கையாண்டவர்களுக்கு நாயோடு நெருக்கம் குறைவாக இருந்தது. அந்த நாய்களிடம் பயம் கூடுதலாகவும் கற்கும் ஆர்வம் குறைவாகவும் பதிவாயின. எது காரணம், எது விளைவு என்பதை இப்படிப்பட்ட கணிப்பு நிறுவாது; பயந்த நாய் என்பதாலேயே அதட்டல் கூடியிருக்கலாம். ஆனாலும் மன அதிர்ச்சியில் இருக்கும் ஒருவருக்கு நாயோடான நெருக்கம்தான் சிகிச்சையின் பெரும்பகுதி. அந்த நெருக்கத்தைக் குறைக்கும் எதையும் ஐயத்தோடு பார்ப்பதே விவேகம்.

வெகுமதி எல்லாவற்றையும் செய்துவிடும் என்று நினைப்பவர்கள் பிரெலண்ட் தம்பதி 1961-இல் எழுதிய ஆய்வுரையைப் படிக்க வேண்டும். நாணயத்தை உண்டியலில் போடப் பழக்கிய ரக்கூன், இரண்டு நாணயங்கள் தந்ததும் அவற்றை ஒன்றோடொன்று உரசிக்கொண்டே நின்றது. மரக் காசைக் கொண்டுபோகப் பழகிய பன்றி, நாளடைவில் அதைக் கீழே போட்டு மூக்கால் கிளறத் தொடங்கியது. பரிசு தள்ளிப்போனது, ஆனாலும் அவை நிறுத்தவில்லை. இனத்தின் இயல்பு பயிற்சியை மீறி எழுந்தது. கவ்விக் கொண்டுவருவதற்காகவே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட லேப்ரடாரும் கோல்டன் ரெட்ரீவரும் இந்தத் தொழிலை நிரப்பியிருப்பதன் காரணம் இதில் இருக்கிறது. நல்ல பயிற்றுநர் இயல்பின் திசையிலேயே பாடத்தைப் போடுகிறார்.

குட்டிப் பருவமும் அப்படித்தான். கிளாரன்ஸ் ஃபஃபென்பர்கர், ஜான் பால் ஸ்காட் இருவரும் சேர்ந்து 1959-இல் வெளியிட்ட ஆய்வு, ஏறக்குறைய 12 வாரத்துக்கு மேல் கூண்டுக் கொட்டகையிலேயே விடப்பட்ட குட்டிகள் பின்னர் வழிகாட்டி நாயாகத் தேறுவது குறைகிறது என்று காட்டியது. குட்டிகளை இளம் வயதிலேயே குடும்பங்களில் வளர்க்கக் கொடுக்கும் வழக்கம் அதன்பின் உறுதிப்பட்டது. 2017-இல் எமிலி பிரேயும் குழுவினரும் ‘தி சீயிங் ஐ’ பள்ளியின் 23 தாய் நாய்களையும் 98 குட்டிகளையும் தொடர்ந்து பார்த்தார்கள். தாய் மிகையாகக் கவனித்த குட்டிகள் பின்னர் அதிகம் தோற்றன. தாய் படுத்துக்கொடுக்காமல் நின்றோ உட்கார்ந்தோ பாலூட்டியதால், முயன்று எட்டிக் குடிக்க நேர்ந்த குட்டிகள் அதிகம் தேறின. சிறு சிரமத்தைக் கடந்து பலன் பெறும் அனுபவம் கண் திறந்த சில நாட்களிலேயே தொடங்கிவிடுகிறது போலும்.

பயிற்சிக்கு வரும் நாய்களில் கணிசமான பகுதி இறுதிவரை வருவதில்லை. இங்கே வெகுமதிப் பயிற்றுநரின் நேர்மைக்குச் சோதனை வருகிறது. சங்கிலியைத் தொடாமலே ஒரு நாயை வதைக்க முடியும். பசியை மிகையாகக் கூர்மையாக்கலாம். படிகளை அவசரமாக உயர்த்தி நாயைத் திணறடிக்கலாம். பயப்படும் இடத்துக்கு இறைச்சித் துண்டைக் காட்டி இழுத்துப் போகலாம். மூக்கைச் சுற்றி மாட்டும் தலைவாரைச் சிலர் மென்மையான கருவி என்கிறார்கள். அதை மாட்டியதும் முகத்தைத் தரையில் தேய்க்கும் நாய் அப்படி நினைப்பதில்லை. தீனியை வாங்கிக்கொண்டே காதைப் பின்னால் மடக்கும் நாய், சேணத்தைப் பார்த்ததும் மெல்ல விலகும் நாய், இந்த வேலை வேண்டாம் என்கிறது. அதைக் காது கொடுத்துக் கேட்டு, இரண்டு ஆண்டு உழைப்பு போனாலும் பரவாயில்லை என்று அதற்கு வேறு வாழ்க்கை அமைத்துக் கொடுப்பதும் தொழிலின் பகுதிதான்.

வழிகாட்டி நாய்ப் பயிற்றுநராகத் தேற வழக்கமாக மூன்று ஆண்டு தொழில் பழகுதல் தேவைப்படுகிறது. அதில் நாயைப் பற்றிக் கற்பது ஒரு பகுதி மட்டுமே. எஞ்சியது மனிதரைப் பற்றியது. ‘ஜூனோ நடை’ என்று ஒன்று உண்டு. நாயைத் தருவதற்கு முன், பயிற்றுநர் சேணத்தின் ஒரு முனையைத் தானே பிடித்துக்கொண்டு நாயின் இடத்தில் நடக்கிறார். பார்வையற்றவர் கைப்பிடியைப் பிடித்துப் பின்தொடர்கிறார். எவ்வளவு வேகம் அவருக்கு இசைவானது, எவ்வளவு இழுப்பைத் தோள் தாங்கும், திருப்பத்தில் உடல் தடுமாறுகிறதா என்று பயிற்றுநர் தன் கையாலேயே உணர்ந்துகொள்கிறார். எந்த நாய் யாருக்கு என்பது அதன்பிறகே முடிவாகிறது. பின்வரும் சில வாரங்களில், பயனாளிக்கு நேரம் கணிக்கக் கற்பிக்க வேண்டும்: சரியான செயல் நடந்த நொடியில் சொல்லோ ஒலியோ வர வேண்டும், மூன்று நொடி கழித்து வந்தால் நாய் வேறொன்றைக் கற்றுவிடும். கண் தெரியாதவருக்கு இதை எப்படிக் கற்பிப்பது? சேணத்தின் வழியே வரும் இழுப்பின் மாற்றத்தைக் கையால் படிக்கச் சொல்லித் தருகிறார்கள். பல ஆண்டு அனுபவமுள்ள பயனாளிகள் நாயின் தலை திரும்புவதைக்கூடக் கைப்பிடியில் உணர்ந்துவிடுகிறார்கள்.

இத்தனை பொறுப்புள்ள தொழிலுக்குச் சட்டக் காவல் நாட்டுக்கு நாடு மாறுபடுகிறது. ஜப்பான் 2002-இல் தனிச் சட்டமே இயற்றி, வழிகாட்டி நாய், உடலுதவி நாய், செவித்துணை நாய் என்று மூன்று வகைகளை வரையறுத்தது. அமெரிக்காவில் 1990-இன் ஊனமுற்றோர் சட்டப்படி உதவி நாய்க்குச் சான்றிதழ் வேண்டியதில்லை. பயனாளி தானே தன் நாயைப் பழக்கிக்கொள்ளலாம். பெரும் செலவில் பல ஆண்டு காத்திருக்க முடியாத ஏழைகளுக்கு அந்தச் சுதந்திரம் மிகத் தேவை. ஆனால் அதே வாசல் வழியாக, யார் வேண்டுமானாலும் பயிற்றுநர் என்று பலகை மாட்டிக்கொள்ளவும் முடிகிறது. உதவி நாய் அமைப்புகளின் பன்னாட்டுக் கூட்டமைப்புகள் உறுப்பினர்களுக்குத் தரநிலைகள் வைத்திருக்கின்றன. வெளியே இருப்பவர்களை அவை கட்டுப்படுத்தா.

ஆகவே நாயை நாடிச் செல்லும் ஒருவர் தானே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. நாய் தவறும்போது நீங்கள் என்ன செய்வீர்கள், அதை என்னாலும் செய்ய முடியுமா? நீங்கள் அறையில் இல்லாதபோது இந்த நாய் வேறொருவருக்கு வேலை செய்வதைக் காட்ட முடியுமா? நாய்க்கு இந்த வேலை பிடிக்கவில்லை என்று எதை வைத்து முடிவு செய்வீர்கள், அப்படி முடிவு செய்து எத்தனை நாய்களை விலக்கியிருக்கிறீர்கள்? ஓர் ஆண்டு கழித்து என் உடல்நிலை மோசமாகி, இன்று தூக்க முடிகிற கையைத் தூக்க முடியாமல் போனால், யார் வந்து எனக்கும் நாய்க்கும் புதிய வழியைச் சொல்லித் தருவார்கள்? கடைசிக் கேள்விக்குப் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதித் தருகிற இடத்தில்தான் முன்பணம் கட்டலாம். தசைச் சிதைவு நோயுள்ள ஒருவருக்கு நாய் எட்டு ஆண்டு வேலை செய்யும் என்றால், அந்த எட்டு ஆண்டும் அவருடைய உடல் மாறிக்கொண்டேதான் இருக்கும்.